கள்ளுப் போட்ட பாண்

முதல் பிள்ளை வயிற்றில் தங்கிய புதிதில் எனக்குச் சோறு வேகும் மணம் பிடிக்காமல் போய்விட்டது. உலையில் அரிசியைப் போட்டதும் குசினியை விட்டு ஓடிக் கிணற்றடியில் போய்ச் சத்தி எடுத்துக்கொண்டு நிற்பேன். இடியப்பம், பிட்டு, தோசை எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வயிற்றில் நிற்கவில்லை. மனம் முழுக்கப் பாணில்தான் இருந்தது. சம்பலும் வேண்டாம், பருப்பும் வேண்டாம், வெறும் பாண். மேலே கொஞ்சம் கருகி, உள்ளே மெத்தென்று இருக்குமே, அந்த அச்சுப்பாண். அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பதாகப் பகல் தூக்கத்திலும் கனவு வந்தது.

ஆனால் அப்போது ஊரில் பாண் இல்லை. சண்டைக் காலத்துத் திருகோணமலையில் நாளைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. பாதை மூடினால் மரக்கறி வராது. காட்டுப் பக்கம் போகக் கூடாது என்றால் விறகு வராது. விறகு வராததால் லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பேக்கரி அடுப்பை அணைத்துவிட்டது. அங்கே வேலை செய்தவர்களும் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, மணி அடித்துக்கொண்டு காலையில் வருகிற பாண்காரரையும் காணவில்லை.

இதில் வேடிக்கை, மாவுக்கு மட்டும் குறை இல்லை. துறைமுகத்தின் அந்தக் கரையில், சீனக்குடாவில், மா ஆலை இருந்தது. கோதுமை ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்பதை இந்தக் கரையில் இருந்தே பார்க்கலாம். என் கணவருக்குத் துறைமுகத்தில்தான் வேலை. சாமான் இறக்குவதை நின்று எழுதிக்கொள்ளும் வேலை.

"கப்பல் கப்பலாக் கோதுமை வந்து இறங்குது," என்று அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி சொல்வார். "எங்கட வீட்டில ஒரு றாத்தல் பாணுக்கு வழியில்லை."

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அவர், அவருடைய அக்கா. மச்சாள், அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்துப் பகுதியில் இருந்தார். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைப் படிப்பித்து ஆளாக்கியது அவர்தான். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிய எழும்பிக் குளித்து, கஞ்சி போட்ட பருத்திச் சேலையை ஒரு சுருக்கமும் இல்லாமல் உடுத்தி, தோளில் ஒரு கறுப்புத் தோல் பையைக் கொழுவிக்கொண்டு போவார். நான் சல்லியில், கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவள். தம்பி என்னை விரும்பிக் கட்டியபோது மச்சாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. ஒரு வருடமாக என்னோடு மரியாதையாக, அளவாக, "நீர்", "உமக்கு" என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சு தேவைக்கு மேலே ஒரு சொல் போகாது.

ஒருநாள் காலை நான் கிணற்றடியில் குனிந்து நிற்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"உமக்கு என்ன சாப்பிட மனம்? ஒளிக்காமல் சொல்லும்."

"பாண்," என்றேன். சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது. கிடைக்காத பொருளைக் கேட்கிற சின்னப்பிள்ளை மாதிரி.

மச்சாள் யோசித்தார். "மா இருக்கு. உப்பு இருக்கு. சீனியும் இருக்கு. பாண் எண்டால் வேற என்ன? பேக்கரியில மட்டும் என்ன மந்திரமே போடுறாங்கள்? நான் செய்யிறன்."

மச்சாள் நன்றாகச் சமைப்பார், ஆனால் பாண் செய்ததில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் வீட்டில் பாண் செய்தார்கள்? பாண் என்றால் கடையில் வாங்குவது. அன்று கச்சேரியால் வந்ததும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனார். மாவை அரித்தார். பொங்க வேண்டுமே என்று அப்பச்சோடாவைத் தாராளமாகப் போட்டார். குழைத்து, பிஸ்கற் தகரத்தில் வைத்து, பெரிய சட்டிக்குள் இறக்கி, மூடி, மேலேயும் கீழேயும் நெருப்பு வைத்தார்.

வெளியே எடுத்தபோது அது மஞ்சளாக இருந்தது. சவர்க்கார மணம் அடித்தது. கத்தி உள்ளே போகவில்லை. என் கணவர் அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார்.

"அக்கா, இதைக் கப்பலுக்கு நங்கூரமா விடலாம்."

"தின்னாமல் கதைக்காதை," என்றார் மச்சாள்.

என் கணவர் ஒரு மூலையை உடைத்துத் தேநீரில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "கனக்கத் தின்ன ஏலாது. ஆனால் கெட்டுப்போகாது," என்றார். மச்சாளின் முகம் சிவந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்குப் போனேன். அந்த முறை போனது சத்திக்காக இல்லை.

இரவு முழுவதும் மச்சாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போலும். காலையில் என்னிடம் வந்து, "பேக்கரியில ஈஸ்ற் போடுறவங்கள். அது ஊரில இல்லை. கடையெல்லாம் கேட்டுப் பாத்திட்டன். உங்கட வீட்டில அப்பத்துக்கு மா புளிக்க என்ன போடுறவை?" என்று கேட்டார்.

"கள்ளு," என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் கள்ளு என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

"அது... எங்க வாங்கிறது?"

"சல்லியில எடுக்கலாம். அப்பாவுக்குக் கள்ளுச் சீவிறவரைத் தெரியும்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை போவம்," என்றார் மச்சாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் தாய் தகப்பன் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் போனோம். எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வருவதைக் கண்டதும் அம்மா கையில் இருந்த சுளகைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குள் ஓடி நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தவர், எழுந்து சட்டையைத் தேடினார். கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். அம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், அவ்வளவுதான்.

மச்சாள் தொண்டையைச் செருமினார். "ஐயா, உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனாங்கள்."

"சொல்லுங்கோ தங்கச்சி."

"எங்களுக்குக் கொஞ்சம் கள்ளு வேணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். தன் வீட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இந்தக் கச்சேரி அம்மாவுக்குக் கள்ளுக் குடிக்கிற பழக்கம் இருக்கிறது என்று ஒரு கணம் அப்பா நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். "ஓம், ஓம், அதுக்கென்ன," என்று தடுமாறியபடி, "குளிரக் குடிக்கிறதெண்டால் விடியப் புறத்தில..." என்று தொடங்கினார்.

"பாணுக்கு, அப்பா!" என்று நான் கத்தினேன். "பாண் போடப் போறம்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். உள்ளே இருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மச்சாளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் உடனே சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டார்.

அப்பா போய் அப்போதுதான் இறக்கிய கள்ளை ஒரு கண்ணாடிப் போத்தலில் வாங்கிவந்தார். பஸ்ஸில் சிந்தக் கூடாது என்று தக்கையை நன்றாகச் செதுக்கி, போத்தல் வாயில் வைத்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார். "தலைகீழாப் பிடிச்சாலும் ஒரு சொட்டு வராது," என்று பிடித்தும் காட்டினார். மச்சாள் அதைப் பேப்பரில் சுற்றித் தன் கறுப்புத் தோல் பைக்குள் வைத்தார். நான் கொண்டுவருகிறேன் என்று கேட்டதற்கு, "நீர் பாரம் தூக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் ஒரு சென்றி இருந்தது. மணல் மூட்டைகள் அடுக்கி, மேலே தகரம் போட்ட ஆமிக் காவலரண். பஸ் அங்கே நின்றதும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். உச்சி வெயில். வரிசை மெல்ல நகர்ந்தது. பஸ்ஸின் குலுக்கலும் அந்த வெயிலும் போத்தலுக்குள் இருந்த கள்ளை என்ன செய்துகொண்டிருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் மட்டும் நின்றார். மச்சாள் காட்டுவதற்காகப் பையைத் திறந்தார். அப்போதுதான் அது வெடித்தது.

'டப்' என்று ஒரு சத்தம். பிறகு தகரக் கூரையில் 'டங்' என்று ஒன்று. வரிசையில் நின்ற அத்தனை பேரும் நிலத்தில் விழுந்தார்கள். நானும் விழுந்தேனோ, குந்தினேனோ, நினைவில்லை. தலையை நிமிர்த்தியபோது மணல் மூட்டைக்கு மேலால் துவக்குகள் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து நின்றவர் மச்சாள் ஒருவர்தான். பயத்தில் அவரால் அசைய முடியவில்லை. அவருடைய தோள் பையில் இருந்து வெள்ளை நுரை புசுபுசுவென்று பொங்கி, சேலையில் வழிந்து, செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

கள்ளின் மணம் காற்றில் எழும்பியது. நிலத்தில் குப்புறக் கிடந்த கிழவர் தலையைத் திருப்பி, மூக்கை உறிஞ்சினார்.

"நல்ல தென்னங்கள்ளு," என்றார்.

ஒரு இளம் சிப்பாய் கத்தினான். அவனுடைய துவக்கின் முனை கிழவருக்கும் மச்சாளுக்கும் இடையில் மாறி மாறிப் போனது. உள்ளே இருந்து அவனுக்கு மூத்த அதிகாரி ஒருவர் வந்து, அவனை ஒதுக்கிவிட்டு, மச்சாளிடம் சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார்.

மச்சாளுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது கச்சேரிப் பரீட்சைக்குப் புத்தகத்தில் படித்த சிங்களம். தெருவில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். நான் அரைகுறையாக விளங்கிக்கொண்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்புக்குரிய ஐயா, எனது தம்பியின் மனைவியார் கர்ப்பமுற்றிருக்கிறார். அவருக்குச் சோறு ஒவ்வாதபடியால், பாண் தயாரிக்கும் பொருட்டு இந்தக் கள்ளு எடுத்துச் செல்லப்படுகிறது என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்."

சிரிப்பை அடக்கியதில் அதிகாரியின் உதடு துடித்தது. "பாண்?" என்று கேட்டார்.

"பாண்," என்றார் மச்சாள்.

அந்த ஒரு சொல் மட்டும் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். அதை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். "கள்ளுப் போட்டா?" "ஓம், கள்ளுப் போட்டு." அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துவக்குகள் இறங்கின. நிலத்தில் கிடந்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்த இளம் சிப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. மணல் மூட்டையில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தான். அவனைப் பார்க்க எனக்கு ஒரு தம்பி மாதிரி இருந்தது.

அதிகாரி தக்கை பறந்துபோன போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தன் தாயும் அப்பத்துக்கு இதைத்தான் போடுகிறவர் என்றும், தக்கை இறுக்கினால் போத்தலும் வெடிக்கும் என்றும் சொன்னார். யாரிடமோ ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கி, வாயில் தளர்வாகக் கட்டி, திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வயிற்றைக் காட்டி, "பேபி?" என்றார். நான் தலையாட்டினேன். கையால் போ, போ, வெயிலில் நிற்காதே என்று காட்டினார்.

நாங்கள் மூன்று பேரும் வெளியில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த செய்தி அது. மூன்று மாதம் முடியட்டும் என்றிருந்தோம். இப்போது ஒரு பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஏறியதும் எனக்கு முன் சீற் தந்தார்கள். ஒரு அம்மா மடியில் இருந்து தேசிக்காய் எடுத்து, மணந்துகொண்டு வா என்று கையில் திணித்தார். "முதல் பிள்ளையோ?" "சத்தி கனக்கவோ?" "பெம்பிளைப் பிள்ளைதான், முகத்தில தெரியுது." கிழவர் பின்னால் இருந்து, "பாண் போட்டு மிஞ்சினால் சொல்லுங்கோ பிள்ளையள், நான் பாணைக் கேக்கேல்லை," என்றார். பஸ்ஸே சிரித்தது. சற்று முன் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தவர்கள் நாங்கள்.

மச்சாள் மட்டும் வெளியே பார்த்தபடி இருந்தார். சேலை நனைந்து, கள்ளு நாறிக்கொண்டிருந்தது. அவமானப்பட்டுவிட்டார் என்று எனக்குப் பயம். மெல்ல, "மச்சாள், கோவமோ?" என்று கேட்டேன்.

"சத்தம் கேட்டதும் செத்துப்போனன் எண்டுதான் நினைச்சனான்," என்றார் திரும்பாமலே. "பிறகு நினைச்சன், ஐயோ, இத்தனை வருசம் கச்சேரியில மரியாதையா இருந்திட்டு, கடைசியில கள்ளு மணத்தோடயெல்லோ சாகப்போறன் எண்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். லிங்கநகர் வந்து இறங்கும் வரைக்கும் நிறுத்த முடியவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்கு. படி உயரம்," என்றார். "இறங்கும்" என்று சொல்லவில்லை, "இறங்கு" என்றார். நான் அதைக் கவனித்தேன். அவர் கவனித்தாரோ தெரியாது.

அன்று பின்னேரம் மாவை மறுபடி அரித்தோம். உப்பு, ஒரு கரண்டி சீனி, கொஞ்சம் தேங்காயெண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு கள்ளு. ஊற்றும்போதே சின்னச் சின்னக் குமிழிகள் மாவில் கண் திறந்தன. மச்சாள் குழைக்கத் தொடங்கினார். பத்து விரல்களாலும் குத்திக் குத்தி, தட்டெழுத்து அடிக்கிற மாதிரி. என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"அக்கா, அடிச்சு முடிஞ்சால் கீழ ஒரு கையொப்பம் வையுங்கோ."

"விடுங்கோ மச்சாள், நான் குழைக்கிறன்," என்றேன். உலக்கை பிடித்து வளர்ந்த கை எனக்கு. உள்ளங்கையின் அடியால் மாவை அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளினேன். முதலில் கையில் பசையாக ஒட்டியது. தள்ளத் தள்ள ஒட்டுவதை விட்டது. கடைசியில் பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழுப்பாகி, விரலால் அமுக்கினால் மெல்லத் திரும்பி எழும்பியது. மச்சாள் தானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். இன்னொருமுறையும் அமுக்கினார். அவருக்கு அது பிடித்துவிட்டது. என் கணவரும் வந்து அமுக்க, "கை கழுவினனியோ?" என்று அவர் கையில் ஒரு அடி விழுந்தது.

ஈரத் துணியால் மூடி, அடுப்படிச் சூட்டில் வைத்துவிட்டுப் படுத்தோம். அடுத்தநாள் போயா, பௌர்ணமி நாள், கச்சேரி விடுமுறை. விடிந்ததும் குசினியில் மச்சாளின் குரல்.

"இஞ்ச ஓடி வா! வந்து பார்!"

மா சட்டியை நிரப்பி, துணியைத் தூக்கிக்கொண்டு, விளிம்புக்கு மேலே வந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்று, யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம்.

அதை மெல்ல அமுக்கி, பிஸ்கற் தகரத்துக்கு எண்ணெய் பூசி வைத்து, மறுபடி எழும்ப விட்டோம். இந்த முறை பெரிய சருவத்தின் அடியில் கடற்கரை மணல் பரப்பி, மூன்று கல் வைத்து, அதன்மேல் தகரத்தை வைத்தோம். மணல் இருந்தால் அடி கருகாது என்பது மச்சாளின் யோசனை. மூடியின் மேல் சிரட்டைக் கரி. என் கணவர் விசிறிக்கொண்டு காவல் இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணம் வந்தது. முதலில் சாதுவாக, பிறகு வீடு முழுக்க, பிறகு வேலிக்கு வெளியே. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு சாப்பாட்டு மணம் என் வயிற்றைப் புரட்டாமல் வாயில் நீர் ஊற வைத்தது.

மூடியைத் திறந்தபோது பாணின் முதுகு வளைந்து, ஒரு பக்கம் வெடித்து, செம்மண் நிறமாக இருந்தது. வடிவு என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் சரிந்திருந்தது. தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. "ஆறட்டும்," என்று மச்சாள் சொல்லி முடிக்கவில்லை, நான் கரையைப் பிய்த்துவிட்டேன். கை சுட்டது. வாய் சுட்டது. மொறுமொறு என்ற தோல், உள்ளே ஆவி, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. மச்சாள் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்குதோ?" என்று கேட்டார்.

"நிக்குது."

"இன்னும் கொஞ்சம் இருந்து பார்."

இருந்து பார்த்தோம். நின்றது. மச்சாள் எழுந்து போய்க் குசினி யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டு ரீச்சரின் தலை தெரிந்தது. "பேக்கரி திறந்திட்டாங்களோ? எங்க வாங்கினனீங்கள்?" என் கணவர் பகிடியாக, "இஞ்சதான் போடுறம் ரீச்சர்," என்றார். அவர் பகிடியாகச் சொன்னது எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கை வழியே வேறு மாதிரிப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் படலையடியில் ஆட்கள், கையில் பையோடு. லிங்கநகரில் இன்ன வீட்டில் பாண் கிடைக்கிறதாம் என்று கேட்டு வந்து வரிசையில் நின்றார்கள். அடுத்த ஒழுங்கையால் வந்து வரிசையின் கடைசியில் நின்ற ஒருவருக்கு எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாது.

மச்சாள் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மேசையில் பாதிப் பாண்தான் இருந்தது.

"உனக்குப் போதுமோ?" என்று கேட்டார்.

"போதும் மச்சாள்."

மிச்சத்தை எவ்வளவு மெல்லிதாக வெட்ட முடியுமோ அவ்வளவு மெல்லிதாக வெட்டி, தட்டில் அடுக்கி, படலைக்குக் கொண்டுபோனார். "கடை இல்லை. வீட்டில சும்மா செய்து பாத்தது. எல்லாருக்கும் ஒரு வாய்க்குத்தான் வரும்," என்றார். ஒரு வாய்தான் வந்தது. அவர்கள் அதை அவசரப்படாமல், வாயில் வைத்துக் கரைத்துச் சாப்பிட்டார்கள். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "வெண்ணெய் ஒண்டுதான் குறை," என்றார் ஒருவர். "வெண்ணெய்க்கு நான் மாட்டுக்கு எங்க போறது?" என்றார் மச்சாள். அவர் அப்படித் தெருவில் நின்று பகிடி விட்டதை அந்த ஒழுங்கை அன்றுதான் பார்த்தது.

அடுத்த போயாவுக்கு ரீச்சர் ஒரு கிண்ணத்தில் மாவோடு வந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சிலர் மாவும் சிலர் சிரட்டையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் குழைத்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து வைத்து, அதைப் புது மாவோடு சேர்த்தால் கள்ளில்லாமலே பொங்கும் என்று நாங்களாகவே கண்டுபிடித்தோம். ஆனால் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அது களைத்துப்போய்விடும். அப்போது மச்சாள் தனியாகவே பஸ் ஏறிச் சல்லிக்குப் போவார். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். அவ்வளவு நேரம் அங்கே என்ன கதை என்று கேட்டால், "உன்ர அம்மா விட்டால்தானே," என்பார். சென்றியில் அந்த அதிகாரி பிறகு மாறிப் போய்விட்டார். போகும் வரைக்கும் மச்சாளைக் கண்டால், "பாண் நோனா" என்று, பாண் அம்மா என்றுதான் கூப்பிடுவார். பையைத் திறக்கச் சொல்வதும் இல்லையாம். "ஆனால் நான் திறந்து காட்டித்தான் வாறனான்," என்பார் மச்சாள்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு காலை அப்பா வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உத்தியோகக்காரர் வீடு, தனக்கு அங்கே என்ன அலுவல் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர். சைக்கிளில், வெயிலுக்கு முதலே வந்துவிட வேண்டும் என்று விடியவே வெளிக்கிட்டிருக்கிறார். துணியால் வாய் கட்டிய போத்தல் ஒன்று கைபிடியில் தொங்கியது. படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "இதைக் குடுத்திட்டுப் போகத்தான் வந்தனான்," என்றார்.

நான் நடந்து வருவதற்குள் மச்சாள் மாக் கையோடு ஓடிப்போனார்.

"என்னத்துக்கு வெளியில நிக்கிறீங்கள்? உள்ளுக்கு வாங்கோ."

"காலெல்லாம் மண், தங்கச்சி."

"குசினியிலயும் மண்தான். சருவத்துக்குள்ள பாருங்கோ. வாங்கோ."

அப்பா வந்தார். முன் விறாந்தையில் இருக்கவில்லை. குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் மச்சாள் இழுத்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்தார். அன்றைய பாண் அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மச்சாள் ஒரு பெரிய துண்டை வெட்டி, கட்டச்சம்பலும் வைத்து நீட்டினார். அப்பா சம்பலைத் தொடவில்லை. பாணை மட்டும் முதலில் மணந்து பார்த்தார். ஒரு கடி கடித்து, நன்றாக மென்று விழுங்கினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நல்லா இருக்கு," என்றார். பிறகு அவருக்கு மனது கேட்கவில்லை. கடலில் கிடந்து உப்பு ருசி பழகிய வாய். "உப்புத்தான் ஒரு சொட்டுக் காணாது."

மச்சாளின் சமையலை அந்த வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. சவர்க்காரப் பாணைத் தின்ற என் கணவரே நங்கூரம் என்றுதான் சொன்னார், உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மச்சாள் ஒரு துண்டை எடுத்துத் தானும் கடித்துப் பார்த்தார். நிதானமாக மென்றார்.

"ஓம்," என்றார். "எனக்கும் சந்தேகமாத்தான் கிடந்தது. இவையள் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை, பாருங்கோவன்." மற்றக் கதிரையை இழுத்து அப்பாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு போடலாம் எண்டு சொல்லுங்கோ."

அப்பா உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அது கூடிப்போகும் என்றார் மச்சாள். கூடிப்போகாது என்றார் அப்பா. இரண்டு பேரும் கையைக் குழிப்பதும் விரிப்பதுமாக இருக்க, என் வயிற்றில் பிள்ளை ஒருமுறை புரண்டது. நான் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டேன்.